நிரம்பாத தொட்டி

எங்கள் கடற்கரையில் வீட்டை விற்பவரும் வாடகைக்கு விடுபவரும் தவறாமல் சொல்லும் நற்சான்று ஒன்று உண்டு: கக்கூஸ் தொட்டி கட்டி இருபது வருடமாகிறது, இதுவரை ஒருமுறைகூட வண்டி கூப்பிட்டதில்லை. கேட்பவரும் திருப்தியோடு தலையசைப்பார். ஐந்து பேர் கொண்ட குடும்பம் இருபது வருடம் பயன்படுத்தியும் தொட்டி நிரம்பவில்லை என்றால், உள்ளே போனதெல்லாம் எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்பதில்லை. வளைகுடா நாடு ஒன்றில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய என்னால் அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அதனால் சில வீட்டுத் திண்ணைகளில் எனக்கு வரவேற்புக் குறைந்திருக்கிறது.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், கேரளத்தின் பொழியூரைத் தொட்டுக்கொண்டு நிற்கும் நீரோடியில் தொடங்கி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை என்று வரிசையாக வந்து, குழித்துறை ஆறு கடலில் சேரும் இரையுமன்துறையில் முடிகிற மணல் பட்டையைத்தான் எங்கள் கடற்கரை என்கிறேன். ஒரு பக்கம் கடல். மறுபக்கம், 1860ஐ ஒட்டித் திருவிதாங்கூர் அரசு படகுப் போக்குவரத்துக்காக வெட்டத் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய். ஊர்ப் பேச்சில் ஏ.வி.எம். சானல். 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை மாறியபோது நாங்கள் வருவாய்த் துறைக் கணக்கில் இந்தப் பக்கம் வந்தோம். திருச்சபைக் கணக்கில் இன்றும் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தில்தான் இருக்கிறோம். இந்த இரட்டை நிலை கழிவுநீர் விஷயத்திலும் குறுக்கே வருகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் தொட்டி. செப்டிக் டேங்க் என்பது நீர் கசியாத பெட்டியாக இருக்க வேண்டும். உள்ளே வரும் கழிவு அதில் ஒன்றிரண்டு நாட்கள் கலங்காமல் நிற்கும்போது கனமானது அடியில் படியும், எண்ணெய்ப் பசையும் நுரையும் மேலே ஆடையாக மிதக்கும், காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் படிந்ததை மெல்ல மெல்லத் தின்னும், நடுவிலுள்ள நீர் மட்டும் மறுபக்கக் குழாய் வழியாக வெளியேறும். அப்படி வெளியேறும் நீரில் கழிவின் வீரியம் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்திருக்கும். ஆனால் நோய்க்கிருமிகள் ஏராளமாக உயிரோடுதான் இருக்கும் என்பதால், அதை உறிஞ்சுகுழியிலோ சல்லிப் படுகையிலோ விட்டு மேலும் வடிகட்டியாக வேண்டும். அடியில் படியும் கசடை நுண்ணுயிரிகளால் தின்று தீர்த்துவிட முடியாது. ஆகவே இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். சொல்லப்போனால், ஒழுங்காகக் கட்டிய தொட்டியில் முதல் சில நாட்களிலேயே நீர்மட்டம் வெளிக்குழாயைத் தொட்டுவிடும். அதன்பிறகு அது எந்நாளும் நிரம்பியேதான் இருக்கும்.

இங்கே கட்டப்படுவது வேறு. மூன்றடியோ நான்கடியோ விட்டமுள்ள சிமென்ட் உறைகளை மணலில் ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கி, இணைப்புகளைப் பூசாமல் விட்டு, அடியைத் திறந்தே வைத்து, மேலே ஒரு ஸ்லாப் போட்டு மூடிவிடுவார்கள். செலவுக் கணக்குச் சீட்டில் இதற்குச் செப்டிக் டேங்க் என்றுதான் எழுதுவார்கள். பக்கத்து வீட்டில் வேலை நடந்தபோது குழிக்குள் எட்டிப் பார்த்தேன். ஐந்தடி ஆழத்திலேயே மணல் நனைந்திருந்தது. அதற்குக் கீழே நீர் ஊறி நின்றது. கடைசி உறையை உட்கார வைப்பதற்காகக் கையாள் ஒருவர் வாளியால் இறைத்துக்கொண்டே இருந்தார், இறைக்க இறைக்க ஊறிக்கொண்டே இருந்தது. நாலெட்டு தள்ளியிருந்த கிணற்றிலும் அதே மட்டத்தில் அதே நீர். அடியில் கான்கிரீட் போடக் கூடாதா என்று கேட்டேன். கொத்தனார் என்னைவிட மூத்தவர். "மக்கா, அடிய அடச்சா ஆறு மாசத்துல நெறஞ்சிரும். பொறவு வண்டிக்கு யாரு பைசா குடுக்கது? ஊரெல்லாம் எனக்க பேரத்தான் சொல்லுவாவ" என்றார். அவர் சொன்னதில் தொழில் நியாயம் இருக்கிறது. வீட்டுக்காரர் கேட்பது நிரம்பாத குழியை; அதை அவர் குறையில்லாமல் கட்டித் தருகிறார்.

அந்தக் குழிகள் மண்ணுக்குள் என்ன செய்கின்றன என்பதைக் கடலே சில இடங்களில் காட்டிவிட்டது. கடலரிப்பில் வீடு போன மனைகளில், சுற்றிலும் மணல் இறங்கிய பிறகு, உறைகள் மட்டும் புகைபோக்கிகளைப் போல நிமிர்ந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். அவற்றின் இணைப்புகளை ஒட்டி மணல் கறுத்து, பிசுபிசுப்போடு கெட்டிப்பட்டிருந்தது; கீழே போகப் போகக் கறுப்பு அகன்றுகொண்டே போயிற்று. அந்தக் கறுத்த மணலை ஒரு குச்சியால் கிளறியதும் அழுகிய முட்டை நாற்றம் எழுந்தது.

கடலுக்கு இத்தனை பக்கத்தில் கிணற்று நீர் எப்படி நன்றாக இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் வியப்பார்கள். மணலில் இறங்கும் மழைநீர், அடர்த்தி கூடிய உப்புநீரின்மேல் மிதந்து நிற்பதுதான் காரணம். கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் நூறாண்டுக்கும் மேலாகப் புழங்கும் கணக்கு. இரண்டு நீருக்கும் உள்ள அடர்த்தி வேறுபாடு நாற்பதில் ஒரு பங்கு என்பதிலிருந்து அது வருகிறது. மேலே ஓரடி குறைந்தால் கீழே உப்பு 40 அடி ஏறும் என்பதும் இதே கணக்குதான். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு மழையும் பெறும் மாவட்டம் என்பதால் இந்த நன்னீர்ப் படுகை நமக்குத் தாக்குப்பிடிக்கிறது. ஆனால் மழையில்லாத மாசி, பங்குனியில் இந்தப் படுகைக்குள் மேலிருந்து நாள்தோறும் இறங்கிக்கொண்டிருக்கும் நீர் எது என்று யோசித்துப் பாருங்கள். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய்களில் வெளியிலிருந்து வந்து, நம் வீடுகளில் பயன்பட்டு, உறைக்குழிகள் வழியாக மணலுக்குள் போகும் நீர்தான் அது. கோடையிலும் கிணறு வற்றவில்லை என்று மகிழ்கிறவர்களிடம் இதைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்க வேண்டிய செய்திதான்.

விதிகள் இல்லாமலில்லை. உறிஞ்சுகுழியின் அடிமட்டத்துக்கும் மழைக்கால நீர்மட்டத்துக்கும் இடையே குறைந்தது 2 மீட்டர் உலர்ந்த மண் இருந்தால், குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 3 மீட்டர் போதும். அந்த 2 மீட்டர் கிடைக்காத இடத்தில் 10 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். மணல் பருமணலாக இருந்தால் குழியின் அடியை அடைத்துச் சுற்றிலும் அரை மீட்டர் தடிமனுக்கு நுண்மணல் இட வேண்டும். கிருமிகளைப் பிடித்து நிறுத்துவது காற்றோட்டமுள்ள உலர்மண்ணில் வளரும் உயிர்ப்படலம். நீரில் மூழ்கிய பருமணலில் அதற்கு வேலையில்லை, கிருமி நீரோடு நீராகப் போய்விடும். ஆனால் எங்கள் ஊர்களில் ஒரு மனை இரண்டு சென்ட். அது சரிசதுரமாக இருந்தாலும் ஒரு பக்கம் ஒன்பது மீட்டர்தான். கிணற்றை வீட்டின் ஒரு மூலையிலும் குழியை எதிர்மூலையிலும் வைத்து அந்தப் பத்து மீட்டரை எட்டிப்பிடித்தாலும், அண்டை வீட்டுக்காரரின் கிணறு நம் குழியின் பக்கத்திலேயே இருக்கும். 2014இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தில் கழிப்பறைகள் கட்டப்பட்டதையும், பெண்கள் இருட்டும்வரை காத்திருந்து கடப்புறத்துக்குப் போன அவலம் குறைந்ததையும் நான் சிறுமைப்படுத்த மாட்டேன். அது பெரிய காரியம். கழிப்பறைக்குப் பணம் கொடுத்தவர்கள், அது இறங்கும் மண் எப்படிப்பட்டது என்றும் கேட்டிருக்கலாம் என்பதே என் குறை.

கிணற்று நீரைச் சோதிக்க ஆய்வகம்தான் வேண்டுமென்பதில்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடு குப்பி என்று ஒன்று கிடைக்கிறது. 1982இல் இந்திய விஞ்ஞானிகளே உருவாக்கி வெளியிட்ட முறை அது. மருந்து தோய்த்து உலர்த்திய தாள் கொண்ட சிறு குப்பியில் குறியிட்ட மட்டம்வரை நீரை ஊற்றி, மூடி, அறைவெப்பத்தில் ஒன்றிரண்டு நாட்கள் வைத்தால், மலத்தொடர்புள்ள நுண்ணுயிரிகள் இருக்கும் நீர் கறுத்துவிடும். எங்கள் தெருவில் சில கிணறுகளின் நீரைக் குப்பிகளில் நிரப்பி என் வீட்டுச் சன்னலோரம் வரிசையாக வைத்தேன். மறுநாள் காலையிலேயே பெரும்பாலானவை மை ஊற்றியதுபோல் ஆகிவிட்டன. கறுக்காமல் நின்றது, நேற்றுத்தான் ப்ளீச்சிங் பவுடர் போட்டதாகப் பிறகு தெரியவந்த ஒரு கிணற்று நீர். குடிநீரில் 100 மில்லிலிட்டருக்கு, மலத்தில் இருக்கும் பாக்டீரியாவான ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், அதைப் பலரும் செய்கிறார்கள். ஆனால் சிறுநீரிலிருந்து வரும் நைட்ரேட் கொதித்தால் போகாது. நீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும். லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்னும் வரம்பைத் தாண்டிய நீரில் பால்மாவு கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுத்தால் இரத்தத்தின் உயிர்வளி சுமக்கும் திறன் குறையும். தாய்மார்களிடம் இதை மட்டுமாவது சொல்லிவிட வேண்டும் என்று, பங்கின் வீடுகள் சிறு குழுக்களாகக் கூடும் அன்பியக் கூட்டங்களில் நேரம் கேட்டு வாங்கிப் பேசுகிறேன்.

ஏ.வி.எம். சானலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அதன் கரையில் நடந்தவர்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் கதம்பல் என்னும் தேங்காய் மட்டையை அழுகப் போட்டுக் கயிறு திரித்த நீர். அப்போதும் மணம் வீசவில்லைதான், ஆனால் அந்த நாற்றத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் சோறு தின்றன. இப்போது வீட்டுக் குழாய்கள் நேராக அதில் வந்து முடிகின்றன. கோடையில் மணல் வந்து, நீர் கடலில் சேரும் பொழிமுகம் அடைந்துவிட்டால் நீருக்குப் போக்கிடம் இல்லை. கால்வாயைத் தூர்வாரும் கோரிக்கையை நானும் ஆதரிக்கிறேன். குழாய்களை மாற்றாமல் தூர்வாரினால் அது சாக்கடையைத் தூர்வாரியதாகத்தான் முடியும்.

ஊர்க் கூட்டங்களில் இதற்கெல்லாம் ஒரே பதிலாக எழும் கோரிக்கை, பாதாளச் சாக்கடையும் பெரிய சுத்திகரிப்பு நிலையமும். அந்த வேலையிலேயே காலம் கழித்தவன் என்பதால் நான் இதற்கு முதல் ஆளாகக் கைதூக்குவேன் என்று எதிர்பார்க்கிறார்கள். கணக்கைப் பார்ப்போம். ஜல் ஜீவன் திட்டம் கிராமத்துக்கு வைத்திருக்கும் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகும் என்று பொறியாளர்கள் கொள்வார்கள். ஆயிரம் வீடுகள், வீட்டுக்கு ஐந்து பேர் என்றால் நாளுக்கு 2,20,000 லிட்டர். சுத்திகரிப்பு நிலையத்துக்கு இது சிறிய அளவுதான், தொழில்நுட்பம் ஒரு தடையே இல்லை. தடை அங்கே கொண்டு சேர்க்கும் குழாயில் இருக்கிறது. மலம் அடைக்காமல் ஓட, சிறிய குழாய்க்கு ஆயிரம் மீட்டருக்கு ஆறு மீட்டர் என்ற அளவில் சரிவு வேண்டும். சமதளமான கடற்கரையில் அரை கிலோமீட்டர் போவதற்குள் குழாய் மூன்று மீட்டர் ஆழத்துக்குப் போயிருக்கும், அதாவது நிலத்தடி நீருக்குள். ஒருவர் தோள் இடிக்கும் சந்துகளில், சரிந்து விழும் மணலில், நீரை இறைத்துக்கொண்டே பள்ளம் தோண்ட வேண்டும். பிறகு அதை மேலேற்றப் பம்பு நிலையம், பம்புக்கு மின்சாரம், மின்தடைக்கு ஜெனரேட்டர். இணைப்புகள் வழியே உப்புநீர் கசிந்து வந்தால் அதிலுள்ள சல்ஃபேட் குழாய்க்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடாகி, மேற்சுவரில் கந்தக அமிலமாக மாறி, கான்கிரீட்டையே தின்னும். வளைகுடாவில் இதே கோளாறை எண்ணெய்ப் பணத்தைக் கொட்டிச் சமாளித்ததை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். நம் நகராட்சிகளும் ஊராட்சிகளும் எதைக் கொட்டும்?

இந்த மணலுக்குப் பொருந்துவது இதைவிட அடக்கமான ஏற்பாடு என்பது என் தீர்ப்பு. வீட்டிலோ நாலைந்து வீட்டுக்குப் பொதுவாகவோ நீர் கசியாத தொட்டி. தொட்டியில் தெளிந்த நீரை மட்டும் கொண்டுபோகும் சிறுகுழாய். கட்டியில்லாத நீர் என்பதால் அதற்குச் சரிவும் குறைவு, ஆழமும் முழங்கால் அளவு போதும். அது போய்ச் சேருமிடத்தில் சல்லி நிரப்பிக் கல்வாழையும் நாணலும் நட்ட படுகை. புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையில் இத்தகைய பரவலாக்கிய முறையில் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டுத் தோட்டத்துக்குப் பாய்கிறது. படுகைக்கு ஆளுக்கு ஒன்று முதல் இரண்டு சதுர மீட்டர் நிலம் வேண்டும்; ஐந்தாயிரம் பேருக்கு ஒன்றேகால் முதல் இரண்டரை ஏக்கர். அந்த நிலம் சானல் கரைப் புறம்போக்கைத் தவிர வேறெங்கும் கிடையாது, அங்கும் ஆக்கிரமிப்பு உண்டு, ஆக்கிரமித்தவர்கள் நம் உறவினர்கள். சுத்திகரிக்காத கழிவைக் கடற்கரை மண்டலத்தில் விடக் கூடாது என்று கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையே சொல்லியிருப்பதால், நிலம் கேட்க நமக்குச் சட்டக் காரணமும் இருக்கிறது. சிறுநீரையும் மலத்தையும் பிரித்துத் தரைக்கு மேலேயே உலர்த்தும் கழிப்பறைகள் 1990களில் கேரளக் கடற்கரையிலும், பின்னர் திருச்சி மாவட்டத்து முசிறியிலும் நன்றாக நடந்தன. நிலத்தடி நீருக்கு அதைவிடப் பாதுகாப்பானது வேறில்லை. ஆயினும் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் வீட்டில், படியேறிப் போய்ச் சாம்பல் தூவச் சொன்னால் என் வீட்டிலேயே கேட்க மாட்டார்கள்.

எந்த வழியில் போனாலும் முதல் படி கசியாத தொட்டி. கசியாத தொட்டி என்றால் லாரி. லாரி என்றால் அது எங்கே போய்க் கொட்டும் என்ற கேள்வி. அங்கேதான் எல்லை குறுக்கிடுகிறது. திருவனந்தபுரம் முட்டத்தறையில் நாளுக்கு 10.7 கோடி லிட்டர் கொள்ளளவுள்ள சுத்திகரிப்பு நிலையம் 2013இலிருந்து இயங்குகிறது. அந்த ஊர்ச் செப்டிக் டேங்க் லாரிகளும் அங்கே வந்து கொட்டுகின்றன. நீரோடியிலிருந்து அது நாகர்கோவிலைவிடப் பக்கம். ஆனால் மலக்கசடு லாரி மாநில எல்லையைத் தாண்டுவது, மீன் லாரி தாண்டுவதைப் போல எளிதாக இருக்கப்போவதில்லை. கேரளத்து நெய்யாற்றின் இடதுகரைக் கால்வாயில் நம் மாவட்டத்து விளவங்கோட்டுக்கு வரவேண்டிய நல்ல தண்ணீரையே 2004இலிருந்து நிறுத்தி வைத்திருக்கும் எல்லை இது. கழிவைக் கொண்டுபோனால் மாலை போட்டா வரவேற்பார்கள்? எதிர்த்திசையிலும் மரியாதை இல்லை: 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவு திருநெல்வேலி மாவட்டத்தில் கொட்டப்பட்டு, தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகே திருப்பி எடுத்துச் செல்லப்பட்டது. ஊசியும் பைகளும் விலாசத்தைக் காட்டிக்கொடுத்தன. மலக்கசடுக்கு விலாசம் கிடையாது. இரவில் ஒரு பாலத்தடியில் வால்வைத் திறந்துவிட்டால் யாருடையது என்று யார் கண்டார்?

ஆகவே நம் பக்கத்திலேயே ஒரு கசடு நிலையம் வேண்டும். அது பெரிய சமாச்சாரம் இல்லை. செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழியில் 2017இலிருந்து நாளுக்கு ஏறக்குறைய 23,000 லிட்டர் கசடைக் கையாளும் நிலையம் நடக்கிறது. மணற்படுகையில் கசடை ஊற்றி, நீர் வடிந்து காய்ந்ததும் எருவாக எடுக்கிறார்கள், வடிந்த நீர் சல்லிப் படுகையில் தெளிகிறது. அதற்கு வேண்டியவை வெயிலும் மேட்டு நிலமும்தான். மேட்டு நிலம் கொல்லங்கோட்டுப் பக்கம் உள்ளே போனால் உண்டு. எங்கள் சந்துகளுக்குள் பெரிய லாரி நுழையாது, நீளமான குழாயோ சிறு வண்டியோ வேண்டும். எதுவானாலும் மனிதரைக் குழிக்குள் இறக்கக் கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றமாக்கியிருப்பதை, அவசரத்துக்கு ஆள் தேடுகிற வீட்டுக்காரர்கள் இன்னும் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை.

மீன் கழுவும் நீர் தனிக் கதை. இரத்தமும் செதிலும் உப்பும் கலந்த அந்த நீரைச் செப்டிக் டேங்கில் விடக் கூடாது, உப்பு நுண்ணுயிரிகளின் வேலையைக் கெடுக்கும். ஏலக்கூடத்திலேயே வலைத்தட்டி வைத்துச் செதிலையும் குடலையும் பிரித்துவிட்டால் பாதிச் சங்கடம் தீரும்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. மகாராஷ்டிரத்தில் வாய், சின்னர் என்ற இரண்டு சிறு நகரங்களில், கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை எல்லா வீட்டுத் தொட்டியையும் முறைவைத்துக் காலிசெய்கிறார்கள். செலவு வரியோடு சேர்ந்துவிடுகிறது. இதே முறையை இங்கே மாதச் சந்தாவாக வைக்கலாம் என்று, கோயில் பங்கு மக்களின் மன்றமான பங்குப்பேரவையில் முன்வைத்தேன். உடனே எழுந்த மறுப்பு, நான் எதிர்பார்த்ததுதான்: எங்கள் தொட்டி நிரம்புவதே இல்லையே, நாங்கள் ஏன் கட்ட வேண்டும்? முதலில் கட்ட வேண்டியவர்கள் நீங்கள்தான், உங்கள் கசடை உங்களைச் சுற்றியுள்ள கிணறுகள் சும்மா சுமந்துகொண்டிருக்கின்றன என்றேன். கூட்டம் கொஞ்சம் சூடாயிற்று. சந்தா விஷயம் அடுத்த பேரவைக்குத் தள்ளிப்போடப்பட்டது. ஆனால் ஒன்று முடிவாயிற்று. இனிப் புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு அடியும் இணைப்பும் பூசிய தொட்டிதான். ஸ்லாப் மூடுவதற்குமுன் அதில் தண்ணீர் நிரப்பி, மட்டத்தைச் சுவரில் கோடிட்டு, ஒரு பகல் ஒரு இரவு விட்டுப் பார்க்க வேண்டும். கோடு இறங்காமல் நின்றால்தான் கொத்தனாருக்கு மிச்சக் கூலி. பக்கத்து வீட்டு வேலையைச் செய்த அந்தக் கொத்தனாரும் கூட்டத்தில் இருந்தார். தண்ணீர் நிரப்பும் செலவு யாருடையது என்பதை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார். வீட்டுக்காரருடையது என்று எழுதிக்கொண்டோம்.